முன்பல் இரண்டு போன கதை

கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கும் திருமானூர்ப் பக்கத்துக் கிராமங்களில், நல்ல மழை பெய்து வெறித்த ராத்திரி என்றால் ஒரு தலைமுறைக்கு முன்புவரை சிறுவர்கள் தூங்கியதில்லை. வரப்போரத்துக் கரையான் புற்றைச் சுற்றித் தழை செருகி, பக்கத்தில் குழி வெட்டி, குழிக்குள் குடத்தை இறக்கி, மேலே விளக்கை வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். புற்றின் கண் திறந்ததும் ஈசல் பொலபொலவென்று கிளம்பி, வெளிச்சத்தை நாடி வந்து குடத்தில் விழுந்தது. விடிந்ததும் சிறகைப் புடைத்து நீக்கி, மண்சட்டியில் வறுத்து, பொரியரிசியும் பொட்டுக்கடலையும் கலந்து மடியில் கட்டிக்கொண்டார்கள். தவளை, ஓணான், காக்கை, கோழி என்று ஊரே போட்டிக்கு நின்றது. ஆனால் இந்தப் பந்தியில் மனிதன் உட்கார்ந்தது ரொம்பப் பிந்தி. அவனுக்கு வெகுகாலம் முன்பே வந்து இலை போட்டுக்கொண்டவர்களில் ஒருவர், சாப்பாட்டுக்காகத் தன் முன்பல் இரண்டையே விட்டுக்கொடுத்திருந்தார்.

அந்தப் பல் போன கதை தொடங்கியது இதே அரியலூர் மாவட்டத்து மண்ணின் அடியில் என்று சொன்னால் மிகையில்லை.

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தியா ஆசியாவோடு ஒட்டியிருக்கவில்லை. தெற்குக் கடலில் தனித் தீவாகக் கிடந்து, வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. அரியலூர் அந்தத் தீவின் கடலோரம். இன்றைக்கு சிமென்ட்டுக்காக லாரி லாரியாக வெட்டிப் போகும் சுண்ணாம்புக்கல், அந்தக் கடல் விட்டுப்போன சொத்து. கல்லமேட்டுப் பக்கம் கடல் பின்வாங்கி, ஆறுகள் வண்டல் பரப்பியிருந்தன. ஆற்றோரத்தில் டைனோசர்கள் மேய்ந்தன. மேற்கே தக்காணத்தில் எரிமலைகள் குழம்பைக் கக்கிக்கொண்டிருந்தன. அதுபோதாதென்று உலகத்தின் மறுபக்கத்தில், இன்றைய மெக்சிகோவின் சிக்சுலூப் என்ற இடத்தில், வானத்திலிருந்து ஒரு மலை வந்து விழுந்தது.

பின்னாளில் அரியலூர்ப் பாறைகளை அடுக்கு அடுக்காகப் படித்தவர்கள், டைனோசர் எலும்பு கிடைத்த அடுக்குக்குக் கல்லமேடு என்று பெயர் வைத்தார்கள். அதற்கு மேலே, அழிவுக்குப் பிறகு திரும்பி வந்த கடலின் அடுக்குக்கு நின்னியூர் என்று வைத்தார்கள். இரண்டும் மாவட்டத்து ஊர்ப்பெயர்கள்தான். உள்ளூர்ப் பஸ்ஸின் பலகையில் எழுதக்கூடிய இந்த இரண்டு பெயர்களுக்கு நடுவில்தான் உலகம் ஒருமுறை முடிந்து மறுபடி தொடங்கியது. கல்லமேட்டில் இருந்தவர்கள் நின்னியூரில் இல்லை. பொந்துக்குள் பதுங்கிக் கிடந்த எலி, மூஞ்சூறு அளவுப் பாலூட்டிகள் மெல்லத் தலையை நீட்டிப் பார்த்தன. வெளியே ராஜ்ஜியம் காலியாகக் கிடந்தது. ஆனால் அதைப் பிடிக்க இன்னொரு படையும் மண்ணுக்கடியில் தயாராகிக்கொண்டிருந்தது.

எறும்பும் கரையானும் டைனோசர் காலத்திலேயே இருந்தவைதான். இருந்தும் அன்றைக்கு அவை ஏழை வீட்டு உறவினர்கள். அந்தக் காலத்துப் பூச்சிப் புதைபடிவங்களில் நூற்றில் ஒன்றுகூடத் தேறவில்லை. அழிவுக்குப் பிறகு பூக்கும் தாவரங்கள் பெருகின, காடுகள் மாறின, இந்த இரண்டு கூட்டமும் கூட்டுக்குடும்பம் நடத்தும் திறமையை வைத்துக்கொண்டு மளமளவென்று பரவின. 2.3 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலம் வந்தபோது பூச்சிப் புதைபடிவங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவைதான். இன்றைய கணக்கை 2022-இல் போட்டுப் பார்த்தவர்கள் எறும்புகளுக்கு மட்டும் 2-ஐ எழுதிப் பின்னால் 16 சுழி போட்டார்கள். காட்டில் திரியும் பறவைகள், பாலூட்டிகள் அத்தனையையும் தராசின் ஒரு தட்டில் வைத்தாலும் எறும்புத் தட்டு மேலே எழும்பாது. காலடியில் இப்படியொரு அன்னக்கிடங்கு திறந்து கிடந்தால் பசித்தவன் சும்மா இருப்பானா?

இருக்கவில்லை. ஆனால் கிடங்குக்குப் பூட்டு இருந்தது. புற்றுமண் வெயிலில் காய்ந்தால் கடப்பாரைக்கே பதில் சொல்லும். உடைத்தாலும் உள்ளே சிப்பாய்கள் கடிக்கும், அமிலம் பீய்ச்சும். அதையும் தாண்டிக் கையில் கிடைப்பது அரிசி முனையளவு சாப்பாடு. ஒன்றொன்றாகப் பொறுக்கித் தின்றால் தின்பதற்குள் பசி வந்துவிடும். எனவே இந்தச் சாப்பாட்டை நம்பிப் பிழைக்க நினைத்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஏறக்குறைய ஒரே சாமான்கள் தேவைப்பட்டன: உடைக்க நீண்ட நகம், நுழைக்க நீண்ட மூஞ்சி, நக்கி எடுக்க நாக்கு. மெல்ல வேண்டிய வேலை இல்லாததால் பல் சும்மா இருந்தது. சும்மா இருந்த பல் தலைமுறை தலைமுறையாகச் சிறுத்தது, சிலருக்கு அடியோடு போயிற்று.

தென் அமெரிக்காவில் பெரிய எறும்புண்ணி இந்தச் சாமான்களோடு வந்து நின்றது. பல் ஒன்றுகூட இல்லை, நாக்கு மட்டும் இரண்டடி. ஆப்பிரிக்காவில் யானையின் தூரத்துச் சொந்தமான ஆர்ட்வார்க் வந்து நின்றது. ஆஸ்திரேலியாவில் முட்டையிடும் எக்கிட்னாவும், கங்காருவின் உறவுக்காரரான நம்பாட்டும் வந்தன. கழுதைப்புலிக் குடும்பத்திலேயே ஒன்று எலும்பு கடிப்பதை விட்டுவிட்டுக் கரையானை நக்கப் போயிற்று. நம் பக்கத்தில் செதில் போர்த்திய அழுங்கு வந்தது. ஒருவர் வீட்டை ஒருவர் பார்த்ததில்லை. நடுவே கடல்கள் கிடந்தன. இருந்தும் ஒரே தையல்காரரிடம் அளவு கொடுத்ததுபோல் வந்து நின்றார்கள். குவி பரிணாமம் என்று உயிரியல்காரர்கள் இதற்குப் பெயர் வைத்தார்கள். ஒரே பூட்டு, தனித்தனிக் கொல்லர்கள், கிட்டத்தட்ட ஒரே சாவி. இந்த வரிசையில் கடைசிக் கடைசியாக, யாரும் எதிர்பார்க்காத ஒரு கனத்த உருவம் வந்து சேர்ந்தது.

அது மாமிசம் தின்னிகளின் வரிசையில் பிறந்தது. சொந்தக்காரர்கள் ஆளையே அடிக்கும் தாட்டிகர்கள். மீன், மான், பழம், கிழங்கு என்று கிடைத்ததையெல்லாம் தின்று வடக்கத்திக் குளிரில் கொழுத்தவர்கள். அந்தக் குடும்பத்தின் ஒரு கிளை, சில பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு இந்தியத் துணைக்கண்டத்தில் தங்கிவிட்டது. இங்கே பனி இல்லை. குளிர்காலம் முழுக்கத் தூங்கிக் கழிக்கும் வசதியும் இல்லை. பழம் வந்தால் மொத்தமாக வந்தது, போனால் மாதக்கணக்கில் போனது. கோடையிலும் வற்றாத ஒரே உண்டியல், காட்டில் ஆளுயரத்துக்கு நின்ற செம்மண் புற்றுதான். அந்தக் கிளை புற்றின் முன்னால் வந்து உட்கார்ந்தது. கையில் நகம் இருந்தது. அழுங்கைப் போல நாக்கை நீட்டிக்கொள்ளப் பல கோடி ஆண்டு அவகாசம் மட்டும் இருக்கவில்லை.

அவசரத்துக்கு அது கண்டுபிடித்த வழி என்ன என்பது வெகுகாலம் வெளியே தெரியவில்லை. தெரியாததால் விளைந்த குழப்பம் 1791-இல் லண்டனில் அரங்கேறியது.

ஜார்ஜ் ஷா என்பவர் முதலில் பாதிரியாராக இருந்தார், பிறகு வைத்தியரானார், இரண்டிலும் மனம் ஒட்டாமல் பிராணிகளின் பக்கம் சாய்ந்தார். 1788-இல் லண்டனில் லின்னேயன் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். 1791-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இயற்கை வரலாற்றுப் பகுதியின் உதவிக் காப்பாளராகச் சேர்ந்தார். கப்பல்கள் உலகத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் தோலும் கொம்பும் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்த காலம் அது. வருவதற்கெல்லாம் லத்தீனில் பெயர் வைத்து, எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது என்று தீர்ப்பு எழுத வேண்டியது ஷா போன்றவர்களின் வேலை. அந்த வரிசையில் இந்தியாவிலிருந்து வந்த ஒரு மிருகம் அவர் மேசைக்கு வந்தது. கறுப்பாக, சடைசடையான முடியோடு, பெரிய வளைந்த நகங்களோடு இருந்தது. ஷா அதன் வாயைப் பார்த்தார்.

வாயைப் பார்த்ததில் குற்றம் இல்லை. பாலூட்டிகளுக்குக் குலம் கோத்திரம் வகுத்த லின்னேயஸ், பல்லை வைத்துத்தான் வகுத்திருந்தார். ஜாதகத்தில் லக்னம்போல அன்றைய விலங்கியலில் பல். ஷா பார்த்த வாயில் மேல்வரிசை முன்பற்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை இருந்தது. முன்பல் இல்லை, நகம் நீளம், முடி சடை. இந்த மூன்றும் சேர்ந்த பிராணி ஒன்று ஏற்கெனவே ஏட்டில் இருந்தது: தென் அமெரிக்க மரங்களில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, அரை நாளைக்கு ஒரு கிளை நகரும் ஸ்லாத். தீர்ப்பு எழுதப்பட்டது. இந்தியாவிலிருந்து வந்த மிருகமும் ஒரு ஸ்லாத்! பிராடிபஸ் அர்சினஸ் என்று பெயர். முன்பாதிக்கு மந்தக் காலன் என்று பொருள். பின்பாதிக்கு இன்னொரு விலங்கைப் போன்றது என்று பொருள். அது எந்த விலங்கு என்பதில்தான் மொத்த உண்மையும் ஒளிந்திருந்தது. தானே எழுதிய விடையை ஷா தானே கவனிக்காமல் ஏட்டை மூடினார்.

அடுத்த வருடமே அதே வலையில் அவர் இன்னொரு தடவை விழுந்தார். 1792-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து எக்கிட்னா வந்து சேர்ந்தது. குழாய் மூஞ்சி, நீண்ட நாக்கு, பல்லே இல்லாத வாய், தோண்டும் நகம். ஷா தயங்கவே இல்லை. தென் அமெரிக்க எறும்புண்ணியின் குடும்பத்தில் சேர்த்து, முள் எறும்புண்ணி என்ற பொருளில் லத்தீனில் பெயர் எழுதினார். முட்டையிடும் பிராணி அது என்று லண்டனில் யாருக்குமே அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் ஷா நாற்காலியிலிருந்து விழுந்திருப்பார். மூன்றாவதாக 1799-இல் ஆஸ்திரேலியாவிலிருந்தே இன்னொன்று வந்தது: வாத்து அலகு, நீர்நாய் உடம்பு. இரண்டு முறை எளிதாக நம்பியவர் இந்த முறை நம்ப மறுத்தார். எவனோ அலகைத் தோலில் வைத்துத் தைத்து ஏமாற்றுகிறான் என்று சந்தேகப்பட்டு, தையல் தேடிக் கத்தரிக்கோலை எடுத்தார் என்று ஒரு கதை இன்றுவரை சொல்லப்படுகிறது. பிளாட்டிபஸ் நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. சந்தேகப்பட வேண்டிய இடத்தில் நம்பி, நம்ப வேண்டிய இடத்தில் சந்தேகப்பட்ட அந்த மனிதர்மேல் எனக்கு ஏனோ கோபம் வருவதில்லை. பல்லையும் நகத்தையும் சாட்சியாகக் கூட்டிவந்து இயற்கையே பொய் சொல்லும்போது, குமாஸ்தா என்ன செய்வார்?

முதல் தீர்ப்பின் சாயம் சீக்கிரமே வெளுக்கத் தொடங்கியது. 1793-இல் ஜெர்மானியரான மேயர், மெலர்சஸ் என்று வேறு பெயர் சூட்டி, ஸ்லாத் குடும்பத்திலிருந்து அதைப் பிரித்துப் பார்த்தார். ஆனாலும் பொதுமக்கள் வாயில் அது ஸ்லாத்தாகவே இருந்தது. பெட்டிக்குள் வந்த தோலை வைத்துக்கொண்டு எத்தனை நாள் வேண்டுமானாலும் வாதாடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சுக்கு உயிரோடு ஒன்று போய் இறங்கியபோதுதான் வாதம் முடிந்தது. அது மரத்தில் தொங்கவில்லை. நான்கு காலில் ஆடி ஆடி நடந்தது, கோபம் வந்தபோது இரண்டு காலில் எழுந்து நின்றது, உறுமியது.

கரடி!

நம் ஊர்த் திருவிழாக்களில் மூக்கில் கயிறு கோத்து இழுத்துவந்து, பயந்த பிள்ளைகளை முதுகில் ஏற்றி இறக்கி, முடியைப் பிடுங்கித் தாயத்தில் அடைத்துக் கொடுத்தார்களே, அதே கரடி. இராமாயணத்து ஜாம்பவானின் குலம். லண்டன்காரர்கள் இருபது வருடமாக உலகத்துக்குக் கரடி விட்டிருந்தார்கள், அதுவும் கரடியைக் கரடியில்லை என்று சொல்லி. பெயரைத் திருத்த ஆங்கிலத்தில் அதிகம் சிரமப்படவில்லை. கரடி போன்ற ஸ்லாத் என்றிருந்ததை வார்த்தையை முன்னும் பின்னும் மாற்றி ஸ்லாத் கரடி ஆக்கினார்கள். ஓடினால் மனிதனை முந்தும் மிருகத்துக்குச் சோம்பேறிப் பட்டம் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்தைப் பார்த்துச் சோம்பேறிக் கரடி என்று தமிழில் எழுதுகிறவர்களைப் பார்த்தால், அந்தக் கரடியை ஒருதரம் பின்னால் விரட்டவிட்டால் என்ன என்று தோன்றும். லத்தீன் பெயரோ இன்னும் தமாஷ். மேயர் வைத்த முன்பாதியும் ஷா வைத்த பின்பாதியும் சேர்ந்து மெலர்சஸ் அர்சினஸ் என்று நிலைத்தது: கரடியைப் போன்ற தேன்கரடி.

இதற்கிடையே ஐரோப்பிய அறிஞர்களின் பார்வை பல்லிலிருந்து மெல்ல நகர்ந்தது. 1817-இல் பிரெஞ்சுக்காரரான டி பிளான்வில், உதட்டுக் கரடி என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். இன்னொருவர் மூஞ்சி நீளத்தைச் சொல்லி வைத்தார். ஆளாளுக்கு உதடு, மூக்கு என்று சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்தார்கள். அந்த இடத்தில் என்ன வேலை நடந்தது என்று கேட்டிருந்தால், தமிழ்நாட்டில் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாகவே விடை தயாராக இருந்தது.

சங்கப் புலவர்கள் கரடியை எண்கு என்றார்கள். புற்றுக்குள் கரையான் வளர்க்கும் பூஞ்சணக் கூட்டை, நாம் புற்றாஞ்சோறு என்பதை, குரும்பி என்றார்கள். அகநானூற்றின் 72-ஆம் பாட்டில் ஒரு காட்சி உண்டு. நடுராத்திரி, மழை, மின்மினி மொய்த்த ஒரு புற்று. ஆண் கரடி ஒன்று குரும்பிக்காக அந்தப் புற்றைப் பறிக்கிறது. பறித்த கையில் மின்மினிகள் தீப்பொறியாகத் தெறிக்க, அந்தக் கறுப்பு உருவம் இரும்படிக்கும் கொல்லனைப் போலத் தெரிந்தது என்கிறார் புலவர். அதே நூலின் 8-ஆம் பாட்டிலும் குரும்பி தின்னும் கரடிதான். அங்கே அதன் நகம் பட்டுப் புற்றுக்குள் இருந்த பாம்பு அடங்கிப்போகிறது. இருப்பை மரத்தடியில் உதிர்ந்த பூவைப் பொறுக்கித் தின்னும் கரடிகளும் அகநானூற்றில் வருகின்றன. ஸ்லாத்தா கரடியா என்று லண்டனில் தலையைப் பிய்த்துக்கொண்டவர்களுக்கு அந்த 72-ஆம் பாட்டு ஒன்றே போதும். கொல்லன் உவமை தற்செயலோ என்னவோ, அதில் இன்னொரு பொருத்தமும் தானாக வந்து உட்கார்ந்திருந்தது. கொல்லன் பட்டறையில் சம்மட்டி மட்டும் இருந்தால் போதாது, துருத்தி வேண்டும்.

கரடியின் ரகசியமும் துருத்திதான். புற்றை நகத்தால் பிளந்ததும் அது முதலில் ஊதியது. மண்ணும் தூசியும் பறந்து, அறைகள் திறந்தன. பிறகு நீண்ட மூஞ்சியை உள்ளே விட்டு, தொங்கும் உதடுகளைக் குழாயாகக் குவித்து, நாசித் துவாரங்களை மூடிக்கொண்டு உறிஞ்சியது. நாசியை இஷ்டம்போல் மூடித் திறக்கும் வசதி இருந்ததால் கரையான் மூக்கில் ஏறவில்லை. மேலண்ணம் குழிந்து இடம் கொடுத்தது. ஆனால் குழாயின் வாசலில் மேல்வரிசை முன்பல் வேலி போல நின்றால் காற்று எப்படி நுழையும்? அங்கேதான் நடுப்பல் இரண்டும் காணாமல்போயின. மற்ற கரடிகளுக்குப் பொதுவாக 42 பல், இதற்கு 40. ஷா ஓட்டை என்று பார்த்தது ஓட்டை இல்லை, வாசல். ஊதலும் உறிஞ்சலும் மாறி மாறி எழுந்த அந்தச் சத்தம் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்டது. பாயசம் உறிஞ்சும் பந்தியில்கூட அப்படிக் கேட்டிருக்காது.

நாக்கை நீட்டிக்கொள்ள நேரம் இல்லாதவன் மூச்சை நீட்டிக்கொண்டான். மற்றவர்கள் ஏறக்குறைய நாக்கை நம்பிப் பிழைத்தபோது, இது ஒன்றுதான் காற்றை நம்பியது. பல் சிறுத்து வந்ததற்குச் சாட்சியமும் பின்னால் கிடைத்தது. இமயத்தின் அடிவாரத்துச் சிவாலிக் குன்றுகளில் கிடைத்த ஒரு பழைய மண்டையோட்டை ரிச்சர்ட் லைடெக்கர் 1884-இல் விவரித்தார். அதன் அண்ணம் இன்றைய நம் கரடிக்கு இருக்கும் அளவிலேயே இருந்தது. பற்கள் மட்டும் மற்ற கரடிகளுக்கும் இதற்கும் நடுவான அளவில் இருந்தன. சமையலறையைக் கட்டி முடித்துவிட்டு, பழைய சாமானை இன்னும் வெளியே போடாத வீடு மாதிரி. அதை நம் கரடியின் நேர் மூதாதையாகக் கருதியவர்களும் உண்டு. கதை இதோடு முடிந்திருக்கும், ஷாவின் தவறுக்குள் ஒரு சரி ஒளிந்திருந்தது தெரியவராமல் இருந்திருந்தால்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க எறும்புண்ணி, ஆர்ட்வார்க், அழுங்கு, ஸ்லாத் எல்லாவற்றையும் பல்லில்லாக் கூட்டம் என்று ஒரே கூரையின் கீழ் வைத்திருந்தார்கள். மரபணுவைப் படிக்கும் காலம் வந்தபோது கூரை பிய்ந்தது. ஆர்ட்வார்க் யானை வீட்டுக்குப் போயிற்று. ஸ்லாத்தும் எறும்புண்ணியும் மட்டும் நெருங்கிய பங்காளிகளாகவே நின்றன. ஆக, எறும்பும் கரையானும் தின்னும் ஒரு கரடியை, எறும்புண்ணியின் பங்காளி வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தார் ஷா. விலாசம் தப்பு, தெரு என்னவோ கிட்டத்தில்தான். இன்னொரு வேடிக்கை அழுங்கு. செதிலைத் தவிர்த்தால், பல்லில்லாத வாயும் நீண்ட நாக்குமாக எறும்புண்ணியின் இரட்டைப் பிறவி மாதிரி இருந்த அது, போய்ச் சேர்ந்தது நாய், பூனை, கரடி இருக்கும் மாமிசம் தின்னிகளின் பக்கத்து வீட்டுக்கு. எந்த உறவும் இல்லாதது மாதிரி தெரிந்த அழுங்குக்கும் கரடிக்கும்தான் உண்மையில் கிட்டத்து உறவு. இந்த இடத்தில் ஷாவைப் பார்த்து நாம் சிரிக்கவும் முடியாது. அழுங்கையும் தென் அமெரிக்கப் பிராணியையும் எறும்புதின்னி என்று ஒரே பெயரால்தான் தமிழிலும் அழைத்துவந்திருக்கிறோம்.

ஆள்மாறாட்டத்தில் அரியலூர் மண்ணும் ஒரு கை பார்த்தது. 1980-களில் கல்லமேட்டில் யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு நிலவியலாளர்கள் ராட்சத எலும்புகளைக் கண்டு விவரித்தார்கள். கால் எலும்பு ஒன்றே ஏறக்குறைய 2 மீட்டர். புருகத்காயோசாரஸ், பேருடல் பல்லி, என்று பெயர் வைத்தார்கள். முதலில் அது மாமிசம் தின்னும் டைனோசர் என்று எழுதப்பட்டது. பிறகு மற்றவர்கள் பார்த்துவிட்டு, நீண்ட கழுத்தோடு தழை மேய்ந்த கூட்டத்தைச் சேர்ந்தது என்றார்கள். மறுபடி எடுத்துப் பார்க்கலாம் என்றால் எலும்புகள் சிதைந்து மண்ணாகிப்போயிருந்தன. கரடிக்கு ஒரு பிரான்ஸ் கிடைத்தது. அந்தப் பேருடல்காரனுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை.

2025-இல் நான்காயிரத்துச் சொச்சம் பாலூட்டி இனங்களின் சாப்பாட்டுக் கணக்கைத் திரட்டிப் பார்த்த ஆய்வு ஒன்று வந்தது. டைனோசர்கள் அழிந்த பிறகு, எறும்பையும் கரையானையும் மட்டுமே நம்பிப் பிழைக்கும் வாழ்க்கை குறைந்தது 12 முறை தனித்தனியாகத் தோன்றியது என்று அது சொன்னது. அந்தப் பாதையில் போனவர்கள் அநேகமாகத் திரும்பி வரவில்லை என்றும் சொன்னது. பல்லையெல்லாம் உதிர்த்துவிட்டு வேறு எதைத் தின்பது? நம் கரடி மட்டும் இன்னும் வாசற்படியிலேயே நிற்கிறது. நேபாளத்தின் சித்வனில் அதன் வருடச் சாப்பாட்டில் பாதிக்கு மேல் கரையான் இருந்தது; இருந்தாலும் கொன்றைக்காய், இலந்தை, நாவல், தேன் எதையும் அது விடவில்லை. இலங்கையின் யாலக் காட்டில் பாலைப்பழக் காலம் வந்தால் மரத்தடியிலேயே கிடந்தது. கடைவாய்ப் பல்லை அதற்காக வைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு பல்லை மட்டும் கொடுத்துவிட்டு, மிச்சம் 40-ஐ முடிந்து வைத்திருக்கும் கெட்டிக்காரன்.

பரம்பரைச் சொத்தாக வந்த நகம் மட்டும் ஒரு சங்கடத்தைக் கூட்டிவந்தது. தோண்ட வசதியான அந்த நீண்ட நகம், புலி வந்தால் சட்டென்று மரமேறித் தப்பிக்க உதவவில்லை. ஓடி ஒளிவதைவிட எதிர்த்து நிற்பதே வழக்கமாயிற்று. மனிதர்கள் அதன் முகத்துக்கு நேரே திடீரென்று போய் நின்றபோதெல்லாம் விபரீதம் நடந்தது அதனால்தான். குட்டிகளைத் தாய் சடைமுடிக்குள் பொதித்து முதுகில் சுமந்து திரிந்தது. கரடிகளில் வேறு எதற்கும் இந்தப் பழக்கம் இப்படி இல்லை. தென் அமெரிக்காவில் பெரிய எறும்புண்ணியும் குட்டியை முதுகில்தான் ஏற்றிக்கொள்கிறது, அழுங்கு வாலில். முதுமலையிலும் முண்டந்துறையிலும் ஜீப் விளக்கில் அந்தக் கறுப்பு மூட்டையின் மேல் இரண்டு சின்ன மூட்டைகளைப் பார்த்தவர்கள் உண்டு. அவற்றைக் கயிற்றில் கட்டி ஆடவைக்கும் தொழிலை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்தது. இருந்தும் இந்தியாவின் தெருக்களில் ஆடிக்கொண்டிருந்த கடைசிக் கரடியின் மூக்குக் கயிறு 2009-இல்தான் அவிழ்ந்தது.

திருமானூரில் கரடி இல்லை. சிவபூஜையில் கரடி என்ற பழமொழியில்தான் அது வந்துபோயிற்று. அதுவும் கரடிகை என்ற வாத்தியம்தான், மிருகம் இல்லை என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆக, பழமொழியில் வந்த கரடிக்கும் ஆள்மாறாட்டம்தான். ஈசல் மட்டும் வருடம் தவறாமல் வந்தது. மழை வெறித்த ராத்திரி முண்டந்துறைக் காட்டில் ஒரு துருத்தி ஊதி உறிஞ்சிக்கொண்டிருந்தபோது, கொள்ளிடக்கரை வீட்டுத் திண்ணையில் ஆறு வயதுப் பிள்ளை ஒன்று வறுத்த ஈசலைக் கை நிறைய அள்ளியது. பால்பல் விழுந்து மேல்வரிசை நடுவில் இரண்டு பல்லுக்கு இடம் காலியாகக் கிடந்தது. முன்னால் கடிக்க முடியாமல், கடைவாய்க்குத் தள்ளி மென்றது.